செருப்பை எப்போது கழற்றலாம்?

ஆட்டிசம் உள்ள என் 4 வயது மகனை மூன்று டே கேரில் ‘சமாளிக்க முடியாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய? (வாசகி, திருச்சி)

மூன்று பேர் அவனை இன்டர்வியூ செய்துவிட்டார்கள். நான்காவது இடத்தில் நீங்கள் செய்யுங்கள். ஏசி, சிசிடிவி எல்லாம் அப்புறம். ‘மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘ரெண்டு அதட்டு போட்டா சரியாயிடும்’ என்றால் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். ‘வேற எந்தச் சத்தமெல்லாம் ஆகாது?’ என்று உங்களையே திருப்பிக் கேட்டால், கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.

அதற்கிடையில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டு சேவை மையம் எங்கே என்று விசாரியுங்கள். பேச்சுப் பயிற்சிக்கும் மற்ற தெரபிகளுக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

‘ஆட்டிசத்தை ஆறே மாதத்தில் குணப்படுத்துகிறோம்’ என்று எங்கள் ஊரில் ஒரு போர்டு! (வாசகர், கரூர்)

குணமாவதற்கு அது என்ன ஜலதோஷமா? மூளை வளர்ந்த விதமே வேறு. பயிற்சியால் பிள்ளை முன்னேறும், போர்டுதான் திருந்தாது. ஆறு மாத ஃபீஸை முன்பணமாகக் கேட்பார்களே!

பேச்சே வராத குழந்தை, டே கேரில் நடந்ததை வீட்டில் எப்படிச் சொல்லும்? (வாசகி, மதுரை)

திறக்காமல் திரும்பி வரும் டிபன் பாக்ஸ் சொல்லும். காலையில் அந்தத் தெருமுனை வந்ததும் உங்கள் விரலில் இறுகும் பிடி சொல்லும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பகல் 11 மணிக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விடாத இடத்துக்கு மறுநாள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.