ரிமோட் தட்டலின் மரபும் இயற்பியலும்

டிவி ரிமோட் மக்கர் செய்யும்போது தமிழ்க் குடும்பங்கள் கையாளும் வைத்திய முறைகள் இன்றுவரை முறையாகத் தொகுக்கப்படாமல் இருப்பது அறிவுலகத்துக்கு இழுக்கு. அந்தக் குறையைப் போக்கும் எளிய முயற்சி இது.

நோய் தெரிந்ததும் முதலில் நீள்வது கை. சோபாவில் சாய்ந்திருந்தவர் முதுகை நிமிர்த்துவார், பாதி எழுவார், ரிமோட்டை டிவியின் முகத்துக்கு நேரே நீட்டுவார். பார்ப்பவர்கள் சிரிக்கலாம், கணக்கு என்னவோ அவர் பக்கம்தான். ரிமோட்டின் நுனியில் உள்ள எல்.இ.டி., கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் வினாடிக்கு 38,000 முறை அளவில் துடிக்கவிட்டு அனுப்புகிறது. தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் ஒளி கால் பங்காகிவிடும். 10 அடியை 8 அடியாகக் குறைத்தாலோ ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலே கிடைக்கும். ஆகவே பாதி எழுதல் என்பது சோம்பலும் அறிவியலும் கூடிப் பேசி எட்டிய சமரசம்.

அப்படியும் மசியாவிட்டால் கட்டை விரல் களமிறங்கும். பட்டனை நகம் வெளுக்க அழுத்துவதில் பயன் உண்டா என்பதில் ஆய்வாளர்கள் இரு கட்சி. பட்டனின் அடியில் கார்பன் கலந்த கறுப்பு ரப்பர்ப் பொட்டு ஒன்று இருக்கிறது. அது கீழேயுள்ள தகட்டுக் கோடுகளைத் தொட்டால்தான் மின்சுற்று முடியும். நாளாவட்டத்தில் ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் நடுவே படிந்திருந்தால் பலமாக அழுத்துவது உதவும். சத்தம் கூட்டும் பட்டன் மட்டும் செத்து மற்றவை உயிரோடு இருப்பது இந்த வகை. பேட்டரியே தீர்ந்திருந்தால் விரல் வலிதான் மிச்சம்.

இனி தலைப்புக்குரிய தட்டல். உள்ளங்கையில் இரண்டு, தொடையில் ஒன்று என்பது பரவலான அளவு. இதைக் கேலி செய்பவர்கள் வரலாறு அறியாதவர்கள். 1956இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் கமாண்ட்' ரிமோட்டுக்கு உயிரே தட்டல்தான். ராபர்ட் அட்லர் உருவாக்கிய அந்தக் கருவியில் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும். அதைக் கேட்டு டிவி சேனலை மாற்றும். சாவிக்கொத்து குலுங்கினாலும் சில வீடுகளில் சேனல் மாறியது வேறு கதை. கவனிக்க வேண்டியது, அதில் பேட்டரி கிடையாது. பேட்டரி தீர்ந்தால் டிவியே கெட்டுவிட்டதாக வாங்கியவர் நினைப்பார் என்று விற்பனைக்காரர்கள் பயந்தார்களாம். பயத்தில் நியாயம் இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் செல்லை மாற்றிக் காட்டிய பிறகு அசடு வழிந்த வீடுகள் நம்மிடையே குறைவா என்ன?

இன்றைய ரிமோட்டைத் தட்டினால் உள்ளே பேட்டரி செல்லும் ஸ்பிரிங்கும் சற்று இடம் மாறி உரசும். முனையில் படிந்த துரு விலகும். செல்லை விரலால் உருட்டிவிடுவதும் இதே தத்துவம். மொட்டை மாடி மரபினர் இன்னும் ஒரு படி மேலே போய், வற்றலோடு செல்லையும் வெயிலில் காயவைப்பார்கள். சூட்டில் உள்ளேயுள்ள வேதிவினை வேகம் பிடிப்பதால் மாலை சீரியல் வரை ஓடும். ஆனால் மலிவான துத்தநாக-கார்பன் செல்லில் வெளிக்கூடே துத்தநாகம். மின்சாரம் தரத்தர அந்தக் கூடுதான் கரைகிறது. தீர்ந்துபோன செல்லை வாட்டுவது ஒழுகுவதற்கு வழி செய்வது. ஒழுகினால் ஸ்பிரிங் பச்சைபூத்துப்போகும்.

இத்தனை வைத்தியமும் எதற்கு? பெட்டிக்கடையில் புது செல் கிடைக்கிறதே! இங்கேதான் இக்கட்டுரையின் மையக் கண்டுபிடிப்பு வருகிறது: குற்றவாளி ரிமோட்டின் பிளாஸ்டிக் கவர். தெளிவான பாலித்தீன் அகச்சிவப்பு ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சாம்பார்க் கையிலிருந்து காப்பாற்றவும் செய்கிறது. அதுவரை கவர் நிரபராதி. ஆனால் செல் மாற்ற வேண்டுமானால் அதைக் கிழிக்க வேண்டும். "கவரைப் பிரிக்காதடா, அப்புறம் ரிமோட் வீணாப்போயிடும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். உடனே பையன் தட்டுவான். ஆறு மாதம் தட்டி, கடைசியில் கவரைக் கிழித்துப் பார்த்தால், பொத்திப் பொத்தி வைத்த ரிமோட்டின் வயிற்றுக்குள் செல் ஒழுகிக் காய்ந்திருக்கும்.

கவரின் கற்பைக் குலைக்காமல் நோயை அறிய ஒரு வழி உண்டு. செல்போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட் நுனியை அதற்கு நேரே பிடித்து பட்டனை அழுத்த வேண்டும். திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பை வடிகட்டிவிடுவார்கள் என்பதால் முன்கேமராவே உத்தமம். மினுக்கியும் டிவி அசையவில்லையென்றால் டிவிக்கு முன்னால் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய சவுண்ட்பார் டிவியின் கண்ணை மறைத்து உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் கொலுவிலிருந்து திரும்பாத செட்டியார் பொம்மை. மினுக்காவிட்டால் இரண்டு செல்லையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாகப் போடுவது சிக்கனம் அல்ல: புதியது தள்ளத் தள்ளப் பழையது இன்னும் வறண்டு ஒழுகத் தொடங்கும்.

குரலுக்குக் கட்டுப்படும் புது ரிமோட்டுகள் பலவும் புளூடூத்தில் பேசுவதால் அவற்றை டிவிக்கு நேரே நீட்ட வேண்டியதில்லை. சமையலறையில் இருந்தபடியே பாட்டு கேட்கலாம். எனினும் அவற்றில் சில, டிவியை அணைக்கவும் சத்தத்தைக் கூட்டவும் மட்டும் இன்னமும் அகச்சிவப்பையே நம்பியிருக்கின்றன. ஆகவே பாட்டு சமையலறையிலிருந்து வரும். அதன் சத்தத்தைக் குறைக்க யாராவது ஒருவர் கூடத்துக்கு வந்து கையை நீட்டித்தான் ஆக வேண்டும்.