மால்குடிக்குப் பக்கத்தில் புனே

ஒரு வாசகி, வாகட், புனே.

கே: ஞாயிறு இரவுகளில் வீட்டில் ‘மால்குடி டேஸ்’ தொடர் பார்க்கிறோம். முடிந்ததும் பிள்ளைகளோடு எதைப் பேசலாம்?

ப: சிறுவன் சுவாமியின் அப்பா முறைக்கும்போதே பிள்ளைகள் உங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்திருப்பார்களே, அங்கிருந்தே ஆரம்பியுங்கள்! அந்த அப்பா கிரீஷ் கர்னாட். 1970களில் உங்கள் ஊர்த் திரைப்படக் கல்லூரியின் இயக்குநராக இருந்தவர். குரலை உயர்த்தாமலே பையனை நடுங்க வைப்பார், என்ன நடிப்பு! தொடக்கத்தில் வரும் கோட்டோவியங்கள் ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்தவை. அண்ணன் நாராயண் எழுத, தம்பி வரைந்த ஊர் மால்குடி. லக்ஷ்மண் 2015இல் காலமானதும் புனேயில்தான். இயக்குநர் சங்கர் நாக் தொடரைப் படமெடுத்தது கர்நாடகத்து ஆகும்பேயில். எல்.வைத்தியநாதனின் முகப்பு இசையை மட்டும் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். அடுத்த நாள் குளியலறையில் பிள்ளைகள் முணுமுணுக்கப்போவது அதைத்தான்.