பதின்மூன்று டிகிரியில் துருவம்

நெபுலாவையும் காலக்ஸியையும் படம் எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் கணக்குத் தீர்க்க வேண்டியது பூமியோடு. அது சுழல்வதால் வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் வீதம் மேற்கே நகர்கிறது. 50 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஷட்டரைத் திறந்து விட்டால், பத்து நொடி தாண்டியதும் நட்சத்திரங்கள் கோடாக இழுபடத் தொடங்கும். மங்கலான நெபுலாவுக்கோ நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளி சேர வேண்டும். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் நியூயார்க் அருகே ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தபோது 51 நிமிடம் ஒளி வாங்கினார். அத்தனை நேரமும் தொலைநோக்கி வானத்தோடு பிசகாமல் நகர்ந்தாக வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் கருவிகள் எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை.

தொண்ணூறுகளில் சென்னைப் புறநகரில் நாங்கள் சில நண்பர்கள் இதில் இறங்கியபோது, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மோட்டார் வைத்த மவுண்ட் என்பது வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்க்கிற பொருள். எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டு பலகை. கதவுக் கீல் ஒன்றால் அவற்றை இணைத்து, மறுமுனையில் ஒரு போல்ட்டைத் திருகித் திருகி மேல் பலகையை மெல்லத் தூக்க வேண்டும். கேமரா மேல் பலகையில் இருக்கும். 1975-இல் ஹெய்க் என்பவர் எழுதிப் பரவிய யோசனை அது. எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைத்தது எம்6 போல்ட். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். வானம் ஒரு முழுச் சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 23 மணி 56 நிமிடம் 4 நொடி. நிமிடத்துக்கு ஒரு சுற்று திருகினால் பலகை அதே வேகத்தில் விரிய, கீலுக்கும் போல்ட்டுக்கும் இடையே 228.6 மி.மீ. இருக்க வேண்டும். தச்சரிடம் இந்த அளவைச் சொன்னபோது, "அந்தப் புள்ளி ஆறு எதுக்கு தம்பி?" என்று கேட்டார். விஷயத்தை விளக்கியதும் பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி அளந்தார். ஒரு கையில் நொடி முள் உள்ள கடிகாரம், மறு கை போல்ட்டில், 15 நொடிக்குக் கால் சுற்று. அந்தப் பலகையில் ஓரியனின் வாள் முதல்முறையாகச் சிவப்புப் புகையோடு படத்தில் விழுந்ததைப் பார்த்த மகிழ்ச்சியை வேறு எந்தக் கருவியும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

பலகையானாலும் மவுண்ட் ஆனாலும் அதன் அச்சு வானத் துருவத்தை நோக்க வேண்டும். இங்கேதான் நம் ஊருக்கே உரிய சிக்கல் தொடங்கியது. துருவம் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பதை இருக்கும் இடத்தின் அட்சரேகை முடிவு செய்கிறது. லண்டனில் 51 டிகிரி, சென்னையில் 13. அந்த உயரத்தில் தூசி, கடற்காற்றின் ஈரம், தென்னந்தோப்பு, பக்கத்து வீட்டு மாடி எல்லாம் குறுக்கே நிற்கும். துருவ நட்சத்திரம் தெரிந்த இரவுகளை விடத் தெரியாத இரவுகளே அதிகம். புத்தகம் எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். 'துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அதனால் நாங்கள் டிரிஃப்ட் முறையைப் பழகினோம். உச்சிக்குச் சற்றுத் தெற்கே, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தை ஐபீஸின் குறுக்குக்கம்பியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அதைச் சரிசெய்த பிறகு கிழக்கு வானில் ஒரு நட்சத்திரம். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. துருவத்தைப் பார்க்காமலேயே துருவத்தைக் கண்டுபிடிக்கிற அருமையான வழி. என்ன, அது முடிவதற்குள் பாதி இரவு போய்விடும்.

பிறகு மோட்டார் வைத்த மவுண்ட் வந்தது. அதன் திருகு நம் அட்சரேகை அளவுக்குக் கீழே இறங்கவில்லை. லேத் பட்டறை ஒன்றில் இரும்புக் குழாய்மேல் சாய்வாக ஒரு தகடு வெல்டிங் செய்து வாங்கி அச்சைத் தாழ்த்தினோம். மவுண்டுக்குள் இருக்கும் புழுச்சக்கரம் கச்சிதமாக இராது. அதைச் சுழற்றும் திருகு ஒரு சுற்று முடிப்பதற்குள் நட்சத்திரம் ஒரு பக்கம் போய்த் திரும்பி வரும். அதை அடக்க, பக்கத்தில் இன்னொரு சிறு தொலைநோக்கி. அதில் சிவப்பு ஒளியில் மின்னும் குறுக்குக்கம்பி. அந்தக் கம்பியில் ஒரு நட்சத்திரம். படம் முடியும்வரை அந்த நட்சத்திரத்தை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. நகர்ந்தால் பொத்தானை அழுத்தி இழுத்து வர வேண்டும். கழுத்து மரத்துப்போகும், கொசு கடிக்கும், ஐபீஸில் மூச்சுபட்டு ஆவி படியும். கடைசி நிமிடத்தில் ஒரு லாரியின் ஹெட்லைட் திரும்பினால், அதுவரை சேர்த்த ஒளி முழுவதும் பாழ்.

ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் குறையக் குறைய அது சோம்பிப்போகும். வெள்ளி உப்புத் துகள் ஒன்று பதிவாக ஒரு ஃபோட்டான் போதாது. சில ஃபோட்டான்கள் அடுத்தடுத்து வர வேண்டும். நெபுலாவின் மங்கிய ஒளியில் இரண்டாவது ஃபோட்டான் வருவதற்குள் முதலாவது விட்ட தடம் அழிந்துவிடும். அதனால் இரண்டு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு பதிவு கிடைக்காது. கார்ல் ஷ்வார்ஸ்சில்ட் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து சொன்ன உண்மை இது. இதை வெல்ல மேல்நாட்டில் கோடக் டெக்னிகல் பான் ஃபிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது சாதாரண 400 ஐ.எஸ்.ஓ. கலர் ரோல்தான்.

அந்த ரோலைக் கழுவி வாங்குவதே தனி வேலை. "சார், ரோல்ல ஒண்ணும் விழலை, காலியாத்தான் இருக்கு. பிரிண்ட் போட்டா காசு வேஸ்ட்" என்பார் லேப்காரர். "இருக்கட்டும் அண்ணே, எல்லாத்தையும் போடுங்க. நெகட்டிவை மட்டும் வெட்டாதீங்க" என்று கெஞ்ச வேண்டும். கருப்பு வானத்தில் ஒரு ஃபிரேம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கத்தரி நெபுலாவின் நடுவே பாய்ந்துவிடும். ரோலின் தொடக்கத்தில் பகலில் வீட்டு வாசலை ஒரு படம் எடுத்து வைப்பது எங்களுக்குள் வழக்கமானது. அந்த ஃபிரேமை அளவாக வைத்து அவர் மற்றதை எண்ணிக்கொள்வார்.

இன்று ஜவ்வாது மலைக்கு வரும் இளைஞர்களின் முதுகுப்பையில் மொத்த ஆய்வகமும் அடங்கிவிடுகிறது. கேமரா வானத்தின் ஏதோ ஒரு மூலையைப் படம் எடுக்கிறது. அதிலுள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, தான் எங்கே பார்க்கிறோம் என்று கணினி நொடிகளில் சொல்லிவிடுகிறது. அச்சைச் சற்றுத் திருப்பி இன்னும் இரண்டு படம் எடுத்தால், துருவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதும் தெரிகிறது. துருவ நட்சத்திரம் தென்னைக்குப் பின்னால் இருந்தாலும் கவலையில்லை. எங்கள் பாதி இரவை விழுங்கிய வேலை கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. குறுக்குக்கம்பியில் கண் வைத்த இடத்தில் இன்று ஒரு சிறு கைடு கேமரா இருக்கிறது. ஓரிரு நொடிக்கு ஒருமுறை, ஒரு பிக்ஸலின் சிறு பின்னத்தையும் அளந்து அது மவுண்டைத் திருத்துகிறது. இப்போது பரவிவரும் ஹார்மோனிக் கியர் மவுண்டுகளைப் பாருங்கள். ரோபோக் கையிலிருந்து வந்த அந்தப் பற்சக்கரம் எங்கள் பித்தளைப் புழுச்சக்கரத்தை விடவும் அதிகமாக அலையக்கூடியது. கைடு கேமரா உடன் இருக்கும் தைரியத்தில்தான் அதை அவ்வளவு லேசாகச் செய்ய முடிந்திருக்கிறது.

பெரிய மாற்றம் ஒளியைச் சேர்க்கும் விதத்தில் நடந்தது. ஃபிலிம், விழுந்த ஒளியில் ஓரிரு சதவீதத்தையே பதிவு செய்தது. இன்றைய சென்சார் 80 சதவீதத்தையும் தாண்டுகிறது, சோம்பலும் கிடையாது. ஒரே படமாக ஒரு மணி நேரம் எடுக்கத் தேவையில்லை. மூன்று நிமிடப் படங்கள் நூறு எடுத்து அடுக்கினால் ஐந்து மணி நேர ஒளி சேர்கிறது. ஒரு தனிப் படத்தோடு ஒப்பிட்டால், ஒளிக்கு எதிரான இரைச்சலின் விகிதம் பத்தில் ஒரு பங்காகிறது. லாரி வெளிச்சம் பட்டால் அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்து எறியலாம். மாதக்கணக்கில், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சேர்க்கலாம். எங்களிடமிருந்து ஒரு லாரி பறித்துக்கொண்ட உழைப்பு இன்று பத்திரமாக இருக்கிறது என்பதில் எனக்கு அளவற்ற நிறைவு.

ஆனாலும் நம் அட்சரேகையும் நம் தட்பவெப்பமும் அப்படியே இருக்கின்றன. போன பருவத்தில் மலையில் ஒரு பொறியியல் மாணவி புது மவுண்டோடு வந்திருந்தார். "சார், கிழக்கிலருந்து மேற்கே திரும்பறப்போ ஏதோ இடிச்சு நின்னுடுது. மோட்டார் போயிடுச்சா?" என்று பதறினார். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. துருவம் தாழ்ந்திருப்பதால் மவுண்டின் அச்சு ஏறக்குறைய படுத்திருக்கும். கவுண்டர்வெயிட் தண்டு நேராகக் கீழே தொங்கும்போது ட்ரைபாடின் காலில் போய் முட்டும். ஐரோப்பாவில் பயன்படுத்துகிறவருக்கு இந்தத் தொல்லையே வராது. தலைப்பகுதியை ஓர் அடி உயர்த்துகிற குழாயை இடையில் போட்டால் தீர்ந்தது. அதைச் செய்து கொடுக்கும் லேத் பட்டறை இன்றும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

வெப்பமும் அப்படித்தான். சென்சாரின் சூடு ஏறக்குறைய ஆறு டிகிரி கூடினால் இரைச்சலைத் தரும் இருள் மின்னோட்டம் இரட்டிப்பாகும். குளிரூட்டும் கேமரா சுற்றுப்புறத்தை விட 35 டிகிரி வரை கீழே இறங்கும். வெளிநாட்டு வழிகாட்டிகள் மைனஸ் 20-இல் வைக்கச் சொல்கின்றன. 30 டிகிரி அடிக்கும் நம் மே மாத இரவில் மைனஸ் 5-க்குக் கீழே போகாது. ஆண்டு முழுக்க ஒரே அளவாக 0 டிகிரியில் வைத்துக்கொள்வது நமக்கு உகந்தது. அந்த வெப்பநிலையில் மூடி போட்டு எடுத்த டார்க் படங்களை எல்லா மாதத்துக்கும் பயன்படுத்தலாம். பின்னிரவில் லென்ஸில் பனி படியும். அதற்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஹீட்டர் பட்டை வேண்டும். மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை பூக்கும். அதற்குச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டி வேண்டும்.

தீராத சிக்கல் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அன்றைய சோடியம் தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதி மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் குவிந்திருக்கும். ஒரு ஃபில்டர் போட்டு அதில் நல்ல பங்கைத் தடுக்க முடிந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது. ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் சிவப்பையும் ஆக்ஸிஜனின் 501 நானோமீட்டர் பச்சையையும் மட்டும் விடும் ஃபில்டரால் நெபுலாக்களை நகரத்திலிருந்தே எடுக்கலாம். காலக்ஸிகளுக்கு அது உதவாது. அவற்றின் ஒளி நட்சத்திரங்களின் கலவை ஒளி; எல்.இ.டி.யைப் போலவே எல்லா நிறத்திலும் பரந்தது. அதற்கு இருட்டு மட்டுமே மருந்து. லடாக்கில் ஹன்லேயைச் சுற்றி 2022-இல் இருள்வானக் காப்பகம் அமைத்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கும் காவலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்புவது பெரிய செலவில்லை. ஊருக்கு வெளிச்சமும் குறையாது.

காவலூரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு அறுபதுகளில் அந்த மலையைத் தேர்ந்ததற்கு அதன் அட்சரேகையும் ஒரு காரணம். 1986-இல் அங்கே செயல்பட வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் எட்டுகிறது. துருவத்தைத் தாழ்த்தி நம்மைத் திண்டாட வைத்த அதே 13 டிகிரிதான் லண்டன்காரர் தம் ஊரிலிருந்து ஒருபோதும் காண முடியாத ஒமேகா சென்டாரியை நமக்கு 30 டிகிரி உயரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஈட்டா கரினா நெபுலாவும் நமக்கு வசப்படும்.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு அண்மைச் சான்றும் இருக்கிறது. ஆண்ட்ரோமெடாவை எத்தனையோ பேர் எத்தனையோ முறை படம் எடுத்துவிட்டார்கள். அதன் அருகே ஆக்ஸிஜன் ஒளியில் பெரிய வில் ஒன்று இருப்பதை டிரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னர், செய்ன்டி என்ற அமெச்சூர்கள் 2023-இல் அறிவித்தார்கள். படத்தை எடுத்தது பத்து சென்டிமீட்டர் அளவிலான சிறு தொலைநோக்கி, பல இரவுகளின் ஒளியைச் சேர்த்து.

என்னிடம் யோசனை கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை மவுண்டுக்குக் கொடுங்கள். கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கருவி துருவத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலும், டிரிஃப்ட் முறையை ஓர் இரவு செலவழித்துக் கற்றுக்கொள்ளுங்கள். திரையில் எண் பிசகும்போது ஏன் பிசகுகிறது என்று அப்போதுதான் புரியும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தெற்கு அடிவானம் திறந்திருக்கும் ஓர் இடத்தைத் தேடிப் போங்கள். வடநாட்டுப் புத்தகங்கள் பட்டியலிடாத பொருள்கள் அங்கே நமக்காக இருக்கின்றன. அவற்றை நாம்தான் எடுக்க வேண்டும்.