திமிங்கலத்துக்கு ராகுகாலம் உண்டா?

மார்கழியில் திமிங்கலம் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு கூட்டம் கிளம்புகிறது. திருச்சியில் விமானம் ஏறினால் கொழும்பு; அங்கிருந்து தெற்கே மிரிஸ்ஸ. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும், நீலத் திமிங்கலம் தலைகாட்டும்.

சித்திரை வீதியில் ஏற்பாடுகள் பலம். ராகுகாலம் பார்த்தாயிற்று, புளியோதரை கட்டியாயிற்று. வாந்தி மாத்திரையை மட்டும் யாரும் வாங்கவில்லை. "லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும் மாமா" என்றால், "காவிரிக்கரையில பொறந்தவனுக்கு அதெல்லாம் எதுக்குடா?" என்கிறார். மேட்டூரை மூடிவிட்டால் அம்மா மண்டபத்தில் முழங்கால் நனைவதே பெரும்பாடு. பாற்கடலில் பள்ளிகொண்டவருக்கு ஆதிசேஷன் இருக்கிறார். மாமாவுக்கு ஆரஞ்சு ஜாக்கெட்தான். அதையும் வாரை இறுக்கிப் பூட்டாமல் அங்கவஸ்திரம் மாதிரி தோளில் போட்டுக்கொண்டால், விழும்போது ஜாக்கெட் மட்டும் மிதக்கும்.

படகோட்டியின் பஞ்சாங்கம் வேறு. போக ஒரு பங்கு எரிபொருள், வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. வயர்லெஸ் பேசுகிறதா, அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை பம்ப் இறைக்கிறதா, வானிலை அறிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே கயிற்றை அவிழ்ப்பார். அந்தக் கடலோரத்துத் தெவுந்தர முனைக்கு அப்பால் சரக்குக் கப்பல்கள் வரிசைகட்டிப் போகும் பாதை. அங்கே படகின் எஞ்சின் நின்றால், சட்டென்று பிரேக் போட அவற்றால் முடியாது.

இலங்கை விதிப்படி திமிங்கலத்திடமிருந்து 100 மீட்டர் தள்ளியே நிற்கவேண்டும். கேட்டதும் மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஸ்பெஷல் தரிசன டிக்கெட் கெடையாதா?"