மூன்று மாதப் பெட்ரோல்

கேள்வி: மரவள்ளிக் காட்டில் களை எடுக்க வாங்கிய பவர் வீடர் மூன்று மாதம் கொட்டகையில் சும்மா கிடந்தது. இப்போது கயிறு இழுத்து இழுத்து என் தோள்தான் ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சினுக்கு என்ன கோபம்?
(ஒரு விவசாயி, சேந்தமங்கலம்)

பதில்: டேங்கில் இருக்கும் பெட்ரோலுக்கு என்ன வயசு?

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நாள்பட்டால் தண்ணீரோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும். கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோல் காய்ந்து பிசினாகி, ஜெட்டின் ஊசிமுனைத் துளையை அடைத்துவிடும். அமெரிக்காவில் பனி அள்ளும் இயந்திரம் வைத்திருப்பவர்களும் குளிர்காலம் பிறந்ததும் இதே கயிற்றைத்தான் இழுக்கிறார்கள்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: ஜெட்டைக் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. அல்லது சோக்கை அதிகம் இழுத்துவிட்டீர்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள்; வடிக்கும்போது பக்கத்தில் பீடி கூடவே கூடாது.

அடுத்த முறை கொட்டகையில் விடுமுன் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.