சமவாய்ப்பு எண்ணுக்கு ஒரு கும்பிடு

பெறுநர்: தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கைக் குழு, கிண்டி, சென்னை.

பொருள்: என்ன படிப்பதென்றே தெரியாமல் விண்ணப்பித்தவர்களின் விண்ணப்பம்.

ஐயா, அம்மையீர்,

பிளஸ் டூ முடித்தும் என்ன ஆகப்போகிறோம் என்பது பிடிபடாத பதினேழு வயதுக்காரர்கள் சார்பில் எழுதுகிறோம். முதலில் எங்கள் நன்றி.

கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு எங்களை அரை மதிப்பெண் பிசகாமல் நிறுத்துவிடுகிறீர்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளியென்றால் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தோம் என்ற விவரம், எல்லாம் வாங்கிக்கொள்கிறீர்கள். "உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று மட்டும் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் வசமாக மாட்டியிருப்போம். அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டோம்.

அடுத்து, சமவாய்ப்பு எண். இருவருக்கு அந்த 200-க்கான கட்-ஆஃப் ஒன்றாகி, பாட மதிப்பெண்கள் ஒன்றாகி, பிறந்த தேதியும் ஒன்றாகிப்போனால், கணினி குலுக்கிப்போட்ட பத்து இலக்க எண்ணில் பெரியது யாருடையதோ அவருக்கே முன்னுரிமை. எங்கள் எதிர்காலத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று இதுவரை எங்களிடம் ஒளிக்காமல் சொன்னது இந்த எண் ஒன்றுதான். மற்ற எல்லோரும் "உழைச்சா எல்லாம் கிடைக்கும்" என்றார்கள்.

மற்ற எல்லோரும் என்றால் முக்கியமாக மாமாக்கள். 2000 வாக்கில் இவர்கள் ஐ.டி. என்றார்கள். 2008-இல் அமெரிக்காவில் வங்கி கவிழ்ந்ததும் "மெக்கானிக்கல்தான் எவர்கிரீன்" என்றார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். மெக்கானிக்கல் எடுத்த அண்ணன்மார் இன்று எந்த ஐ.டி. கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தால் மாமாவுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

கலந்தாய்வு நேரில் நடந்த காலத்தில் மாணவர்கள் கிண்டிக்கே வந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் கரைவதைப் பார்த்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, எதையோ ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து வருவார்களாம். 2018-இல் பொதுக் கலந்தாய்வு இணையவழியாகிவிட்டது. அதனால் முடிவெடுக்கும் பொறுப்பு பிரவுசிங் சென்டர் அக்காவிடம் போயிருக்கிறது. கல்லூரிகள் நானூற்றுக்கும் மேல். கோடு எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறவர் அவர்தான். "தம்பி, ஈசிஇ-யையும் விருப்பப் பட்டியல்ல கீழ போட்டு வைக்கவா?" என்பார். போட்டு வையுங்கள் அக்கா. நாலு வருஷம்தானே.

பிறகு ஒதுக்கீடு வரும். அந்தப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் பொத்தான்களுக்காகவே உங்களுக்குச் சிலை வைக்கலாம். ஏற்றுச் சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளது கிடைக்குமா என்றும் காத்திருக்கலாம். வேண்டாம், அடுத்த சுற்றில் பார்க்கிறேன் எனலாம். ஆளை விடுங்கள் என்று விலகியும் போகலாம். வீட்டில் எங்களுக்கு முதல் பொத்தான் மட்டும்தான் வேலை செய்கிறது. அதை அழுத்துவதும் நாங்கள் இல்லை. உறுதி செய்ய நீங்கள் தருவதோ இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ போடுவதிலேயே கழிந்துவிடுகிறது.

இனிப் பகடியை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று கேட்கிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பருவத்தில் சிவில் எடுத்தவரும் கணினி எடுத்தவரும் அதே கணக்கு, அதே இயற்பியல், அதே வேதியியல், அதே பைத்தான் நிரலாக்கம், அதே 'தமிழர் மரபு' என்றுதான் படித்தார்கள். அப்படி எல்லோரும் ஒன்றையே படிக்க முடிகிற காலத்துக்கு, யார் எந்தப் பிரிவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குவானேன்? கல்லூரியை இப்போது ஒதுக்குங்கள். பாடப்பிரிவை முதலாண்டு முடிவில் நாங்களே தேர்ந்தெடுக்கிறோம். பட்டறையில் கையில் கிரீஸ் பட்ட பிறகு, நிரல் எழுதி நாலு முறை பிழை வந்த பிறகு, எது ஒத்துவரும் என்று ஓரளவாவது தெரிந்திருக்கும். அப்போதும் போட்டி இருக்கும், எல்லோருக்கும் கேட்டது கிடைக்காது. ஆனால் கேட்பது நாங்களாக இருப்போம், மாமா அல்ல.

"அது பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் முடிவு செய்ய வேண்டியது, எங்கள் வேலை இல்லை" என்று பதில் வரும் என்பது தெரிந்ததே. அப்படியானால் இக்கடிதத்தை உரிய மேசைக்கு அனுப்பி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்காக இரண்டாவது முறை பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமென்றாலும் சம்மதம்.

இப்படிக்கு,
விருப்பப் பட்டியலில் இன்னும் ஒரு வரிகூட நிரப்பாதவர்கள்