ஹரியானாவில் முளைக்கும் நிக்கோபார்

நாட்டு மக்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தியாவில் காடு பெருகிக்கொண்டே போகிறது. சுரங்கத்துக்கு வெட்டினோம், அணைக்கு வெட்டினோம், நாலுவழிச் சாலைக்கு வெட்டினோம், மின்கம்பி இழுக்க வெட்டினோம். அப்படியும் அடங்கவில்லை. 2024 டிசம்பர் 21 அன்று டேராடூனில் வெளியான இந்திய வன நிலை அறிக்கைப்படி, காடும் மரப்பரப்பும் சேர்ந்து 8,27,357 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் 25.17 விழுக்காடு. முந்தைய அறிக்கையைவிட 1,445 சதுர கிலோமீட்டர் கூடுதல். வெட்ட வெட்டத் தழைக்கும் காட்டுக்கு உலகத்திலேயே நாம்தான் சொந்தக்காரர்கள்.

இதன் செய்முறை எளிது. ஒரு ஹெக்டேர் நிலம் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மரங்களின் கவிகை வேண்டும். மேலே இருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குப் பச்சையாகத் தெரிந்தால் அது காடு. நிலம் யாருடையது, மரம் என்ன சாதி, அங்கே யானை நடக்கிறதா டிராக்டர் நடக்கிறதா என்ற வீண் விசாரணையெல்லாம் கிடையாது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் காடு. குன்னூரில் சில்வர் ஓக் நிழல் விழுகிற தேயிலைத் தோட்டமும் காடு. ராமநாதபுரத்துக் கண்மாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் காடு. அதை வேரோடு பிடுங்கு என்கிறது நீதிமன்றம். கூட்டிக் கணக்கில் சேர் என்கிறது அளவுகோல். டெல்லியில் அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் குடியிருக்கும் லுட்யன்ஸ் பங்களாக்கள்கூட வன வரைபடத்தில் காடாக இருப்பதை 2023இல் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேடு வெளியே கொண்டுவந்தது. ஆக, காட்டை அழிக்கும் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் காட்டில் குடியிருந்துகொண்டுதான் போடுகிறார். இதற்கு முன் காட்டில் தவம் இருந்தவர்கள் இவ்வளவு பலன் கண்டதில்லை.

ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் பழத்தோட்டத்தையும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தையும் காடு என்று ஏற்பதில்லை. அவர்களுக்குப் பெரிய மனசு இல்லை. நமக்கு இருக்கிறது.

காடு கூடினால் கார்பனும் கூட வேண்டுமே? கூடிவிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்துக்காக, 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடானதைக் காடுகளிலும் மரங்களிலும் சேர்த்துவைப்போம் என்று 2015இல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தோம். 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 229 கோடி டன் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதாம். சொல்வது யார்? காட்டை வெட்ட அனுமதி தருவது சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம். வெட்டியது போக மிச்சத்தை அளக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் அதே அமைச்சகத்தின் கீழ். இலக்கை நெருங்கிவிட்டோம் என்று ஐ.நா.வுக்கு எழுதுவதும் அதே அமைச்சகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்ன கிழவிக்குக் காலநிலை மாநாடு என்று ஒன்று வரப்போவது தெரியாது. அங்கே ஏட்டுச் சுரைக்காய்தான் செல்லுபடி.

இதில் அறிவியலாளர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 2019 ஏப்ரலில் சைமன் லூயிஸும் சார்லட் வீலரும் மற்றவர்களும் நேச்சர் இதழில் ஒரு கணக்குப் போட்டார்கள். காட்டை மீட்போம் என்று நாடுகள் கொடுத்த வாக்குறுதிகளில் 45 விழுக்காடு வெறும் வணிகத் தோட்டம். தானாக மீளவிட்ட இயற்கைக் காடு, அப்படிப்பட்ட தோட்டத்தைவிட 40 மடங்கு கார்பனைப் பிடித்துவைக்கும். காரணம் குழந்தைக்கும் புரியும். தைலமரத்தைப் பத்து வருஷத்தில் வெட்டிக் கூழாக்கி விற்றுவிடுவார்கள். பிடித்த கார்பன் திரும்பவும் காற்றுக்கே போய்விடும். இந்தக் கட்டுரையை எந்த அமைச்சரும் மேடையில் எடுத்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் சயன்ஸ் இதழில் சூரிக் ஆய்வாளர்கள் வேறொன்று எழுதினார்கள். உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்க இடமிருக்கிறது, 20,500 கோடி டன் கார்பன் பிடிக்கலாம் என்றார்கள். இதை ஆட்சியாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். புல்வெளியையும் சவானாவையும் காலிமனையாகக் கணக்கிட்டிருக்கிறீர்களே என்று மற்ற அறிவியலாளர்கள் அதே இதழில் வரிசையாக மறுத்தார்கள். கட்டுரையாளர்களே பிறகு திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தத்துக்கு யார் விழா எடுப்பார்கள்? 2020 ஜனவரியில் தாவோஸில் லட்சம் கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கியது. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகாத டிரம்ப் முதல் வரிசையில் வந்து சேர்ந்தார். நிலக்கரியை விடு என்றால் நழுவுகிறவர்கள், மரம் நடு என்றால் மண்வெட்டியும் புகைப்படக்காரருமாக வந்து நிற்பதன் ரகசியம் இதுதான்: நட்டதற்குப் படம் போதும், விட்டதற்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

புல்வெளியில் மரம் நட்டால் என்ன ஆகும் என்று அறிய நாம் சூரிக் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் பஸ் ஏறினால் போதும். பழனி மலையின் உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, நாற்பதே ஆண்டுகளில் போய்விட்டது என்று 2018இல் வந்த ஆய்வு காட்டுகிறது. சீகையும் தைலமரமும் பைனும், கூடவே விவசாயமும் அதை விழுங்கின. மழையை வாங்கி ஓடைக்கு மெல்லக் கொடுத்துவந்த புல் அது. அதன் கார்பன் பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்தது. மண்ணுக்குள் இருப்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஆகவே புல்வெளி செத்தது கணக்கில் காடு பிறந்ததாகப் பதிவானது.

இந்த வித்தையின் உச்சம் கிரேட் நிக்கோபார். மொத்தமே 910 சதுர கிலோமீட்டர் வரும் தீவு. அங்கே கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், பக்கத்தில் விமான நிலையம், மின்நிலையம், நகரியம். செலவு 72,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அதற்காகக் கொடுத்தது 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. வெட்டப்படும் மரங்கள் மட்டும் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிடும் கரை அது. ஆகவே 2021 ஜனவரியில் கலாத்தியா சரணாலயத்தையே ரத்து செய்தார்கள். ஆமைக்கு அரசாணை படிக்கத் தெரியாததால் இன்னமும் அங்கேயே வந்துகொண்டிருக்கிறது. கடலுக்கடியில் 16,150 பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பதாகத் திட்டம். அரசு ஊழியருக்கு இருந்த இடமாறுதல் பயம் இப்போது பவளத்துக்கும் வந்துவிட்டது.

வெட்டும் காட்டுக்கு ஈடுகட்ட வேண்டுமே? கட்டுகிறார்கள், ஹரியானாவில். நாட்டின் மறுகோடியில், காட்டுப்பரப்பு நாலு விழுக்காடுகூட இல்லாத வறண்ட மாநிலத்தில், ஆரவல்லிக் குன்றோரம். வருஷத்தில் பல மாதம் மழை பெய்யும் தீவின் காட்டை, குழி தோண்டினால் புழுதி பறக்கும் மண்ணில் திருப்பி வளர்க்கப்போகிறார்களாம். வீட்டில் பரம்பரையாய் இருந்த தங்க நகையை விற்றுவிட்டு, அதே எடைக்குக் கவரிங் வாங்கிப் பெட்டியில் வைத்து, ‘எடை சரியாயிருக்கா பாத்துக்கோ’ என்று வீட்டுக்காரியிடம் சவால் விடுகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? டன் என்ற ஒரே தராசு வந்துவிட்டது. அதில் எதையும் எதற்கும் நிறுக்கலாம். ராஜேந்திர சோழன் வென்ற ஊர்களைப் பட்டியலிட்ட மெய்க்கீர்த்தியில்கூட, மாநக்கவாரம் என்று அந்தத் தீவுகளைச் சொல்லும்போது தேன் சொரியும் சோலையைச் சேர்த்தே சொல்லியிருக்கிறது. படையெடுத்துப் போனவனுக்குக் கண்ணில் பட்ட சோலை, மதிப்பீடு செய்யப் போனவர்களுக்கு ஹெக்டேராக மட்டும் பட்டது.

அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள். சில நூறு பேரே உள்ள ஷோம்பென் மக்களுக்கு அந்தக் காடுதான் உணவு, வீடு, எல்லாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோர ஊர்களிலிருந்து முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட நிக்கோபாரிகள், சொந்த ஊருக்கு விடுங்கள் என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். 2022 ஆகஸ்டில் அவர்களது பழங்குடி மன்றத்திடம் தடையில்லாச் சான்று வாங்கினார்கள். தங்கள் மூதாதையர் ஊர்களும் திட்டத்துக்குள் வருகின்றன என்பது தெரிந்ததும் நவம்பரில் மன்றம் அதைத் திரும்பப் பெற்றது. ‘வேண்டாம்’ என்று எழுத்தில் சொன்னது. திட்டம் அதற்காக நிற்கவில்லை. வாங்கும்போது மட்டும் செல்லும் சம்மதத்துக்குப் பெயர் சம்மதமா? பறிப்பு.

சரி, ஈடுக்கு நடுவதாவது நடக்கிறதா? மத்தியத் தணிக்கை அதிகாரியின் 2013 அறிக்கையைப் புரட்டுங்கள். மாற்றுக் காடு வளர்க்கக் கிடைத்திருக்க வேண்டிய நிலம் 1,03,382 ஹெக்டேர். கிடைத்தது 28,086. மரம் நட்டது 7,281. நூற்றுக்கு ஏழு. பணத்துக்கோ பஞ்சமில்லை, 2019இல் மட்டும் மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். அது எங்கே போய் வேர்விட்டது என்று உத்தராகண்ட் தணிக்கை அறிக்கை காட்டியது. 13.86 கோடி ரூபாய் வேறு வேலைகளுக்குத் திரும்பியிருந்தது. வாங்கிய பொருட்களில் ஐபோன், லேப்டாப், பிரிட்ஜ், கூலர். நட்ட கன்றில் பிழைத்தது 33.51 விழுக்காடு, பிழைத்திருக்க வேண்டியது 60க்கு மேல். கன்று வாடினால் என்ன, ஐபோன் சார்ஜ் நிற்கிறதல்லவா? உலகிலேயே முதன்முறையாக, கார்பனைக் கைப்பேசியில் சேமித்த வனத்துறை நம்முடையது.

சட்டமும் சளைக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் பாதுகாப்புக்கான சாலை, ரயில் பாதை என்றால் வன அனுமதியே வேண்டாம். மிசோரமும் திரிபுராவும் அந்த 100 கிலோமீட்டருக்குள் அடக்கம். 2024 பிப்ரவரியில் கிரீன் கிரெடிட் அறிவிப்பு வந்தது: புதர்க்காட்டிலும் திறந்த காட்டிலும் ஹெக்டேருக்கு 1,100 மரம் நடு, மரத்துக்கு ஒரு கிரெடிட் வாங்கு, வேறிடத்தில் காட்டை அழிக்கும்போது அதைக் காட்டிக் கடனைத் தீர். பாவத்துக்கு முன்கூட்டியே பரிகாரச் சீட்டு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வன நிலை அறிக்கையில் பத்தியை இரண்டாகப் பிரியுங்கள். தானாய் முளைத்து நிற்கும் பழங்காடு எவ்வளவு, அது எவ்வளவு குறைந்தது என்பது ஒரு பத்தி. தென்னை, தேயிலை, ரப்பர், தைலமரம், பங்களாத் தோட்டம் இன்னொரு பத்தி. கார்பனையும் அப்படியே பிரித்துப் போடுங்கள். இதற்குப் புதிய செயற்கைக்கோள் வேண்டாம், கோடிகள் வேண்டாம், ஒரு கோடு கிழித்தால் போதும். அந்தக் கோடு இத்தனை ஆண்டுகளாகக் கிழிக்கப்படாமல் இருப்பது மறதியால் அல்ல. கிழித்த மறுநாள் டேராடூனில் அறிவிக்க நல்ல செய்தி இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் செய்தால் பிழை என்று விட்டுவிடலாம். தெரிந்தே, ஆண்டுக்கணக்கில், முத்திரை குத்தி எழுதுகிற இதற்குக் கள்ளக்கணக்கு என்றுதான் பெயர்.